செல்லக்கனியின் முகம்

மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் கரிச்சானால் பறக்க முடியும். மூச்சு விட்டால் பொத்தென்று விழுந்துவிடுவான். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் வேதசிரோமணி என்கிற பள்ளிக்கூட வாத்தியார் அவனைப் படைத்தபோது வைத்த விதி அது. ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் தீப்பிடித்தது. அதில் தப்பிய தொழிலாளி ஒருவனுக்கு உடம்பு பஞ்சைப்போல் எடையில்லாமல் ஆகிவிட்டது. கறுப்பு முகமூடி கட்டிக்கொண்டு ஊரைக் காக்கக் கிளம்பிவிட்டான். தன்னைவிடப் பெரிய பருந்தையே விரட்டியடிக்கிற கரிச்சான் குருவியின் பெயரை வாத்தியார் அவனுக்கு வைத்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு படக்கதைப் புத்தகம் வந்தது.

வாத்தியார் காலமானபின் சங்கையா எழுதினார். அவருக்கு மூச்சு விதி பிடிக்கவில்லை. அவர் கையில் கரிச்சான் கடல் தாண்டிப் பறந்தான், கப்பலைத் தூக்கினான், மில் வேலையை விட்டான். ராஜவேல் என்று ஓர் இன்ஸ்பெக்டர் அவனுக்கு உயிர்ச் சிநேகிதனானார். அதற்குப் பின் வந்தவள் வின்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். வாரம் பூராவும் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலுக்குப் போய்வந்ததும் கரிச்சானை எழுத உட்காருவாள். பதினோரு வருடம் எழுதினாள். முதல் கதையிலேயே அவனுடைய மூச்சு விதியைத் திருப்பிக் கொடுத்தாள். அவனை மறுபடியும் மில்லுக்கு வேலைக்கு அனுப்பினாள். கூடவே, அதுவரை யாருமில்லாத அவனுக்கு ஒரு அக்காளையும் கொடுத்தாள். செல்லக்கனி. அந்தத் தீயிலிருந்து அவனையும் இன்னும் மூன்று பெண்களையும் இழுத்து வெளியே போட்டவள் அவள்தான் என்று எழுதினாள்.

போன வருடம் பதிப்பாளர் முத்துவீரன் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்குப் புது ஆளு எழுதட்டும்மா" என்றபோது வின்சி வருத்தப்பட்டாள், ஆனால் சண்டை போடவில்லை. புது ஆள் பெனின். முப்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டுக்கே வந்து மரியாதையாக உட்கார்ந்து, "ஒங்க கதையப் படிச்சு வளந்தவன்க்கா நான்" என்றான். வின்சி தான் குறிப்பெழுதி வைத்திருந்த நோட்டைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். அட்டைப்படத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தொடக்கம் முதல் கரிச்சானை வரைந்துவரும் எபனேசர் அண்ணனும், "நான் இருக்கேன்லா. ஒண்ணும் மாறாது, பயப்படாதே" என்றார்.

பெனினின் மூன்றாவது புத்தகம் ஒரு சனிக்கிழமை வந்தது. பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கி, ராஜபாளையத்துக்கு அக்காளைப் பார்க்கப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தாள். தேர்முட்டியைத் தாண்டுவதற்குள் பத்துப் பக்கம் ஓடிவிட்டது. பையன் நன்றாக எழுதியிருக்கிறான் என்றுகூட நினைத்தாள். இருபத்திரண்டாம் பக்கத்தில் கரிச்சான் பழைய மில் கட்டடத்துக்குள் நிற்கிறான். எதிரே செல்லக்கனி. கையில் தீப்பெட்டி. அழுதுகொண்டே சொல்கிறாள்: "அன்னைக்குத் தீ வச்சது நான்தான் தம்பி. சூப்பர்வைசர் மேல இருந்த ஆத்திரத்துல வச்சேன்."

வின்சி அந்தப் பக்கத்தை மூடவில்லை. மறுபடியும் மறுபடியும் பார்த்தாள். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டது அவள் காதில் விழவில்லை.

செல்லக்கனியின் முகம் அவளுடைய அக்காள் ஜூடியின் முகம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஜூடியின் பழைய போட்டோ ஒன்றை எபனேசரிடம் கொடுத்து, "இவ மாதிரி இருக்கட்டும்ண்ணே" என்றவளே வின்சிதான். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஜூடி வேலை பார்த்த மில்லில் நிஜமாகவே தீப்பிடித்தது. சூப்பர்வைசர் திட்டிய கோபத்தில் ஜூடிதான் கொளுத்திவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. பஞ்சில் கிடந்த இரும்புத் துண்டு இயந்திரத்தில் சிக்கிப் பொறி பறந்ததுதான் காரணம் என்று விசாரணையில் பின்னால் தெரிந்தது. ஆனாலும் போன வேலை போனதுதான். வ. புதுப்பட்டியிலிருந்து பேசி முடித்திருந்த சம்பந்தமும் முறிந்தது. அப்புறம் ஜூடி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில்தான் தங்கையை டைப்பும் சுருக்கெழுத்தும் படிக்கவைத்தாள்.

அந்தப் பழிச்சொல்லை வின்சி வெளியாள் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். அம்மா செத்த அன்று, கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில், எபனேசரிடம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்காள் வீட்டுக்குப் போகாமல் நேரே எபனேசர் வீட்டு மாடிக்குப் போனாள். அவர் சாய்வு மேசையில் குனிந்து வரைந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"வா வின்சி. உக்காரு. நீ வருவேன்னு தெரியும்."

"தெரியும்னா நீங்கள்லா வந்திருக்கணும்? ரெண்டு மாசமா வரைஞ்சிருக்கீங்க. நடுவுல நம்ம எத்தன தடவ பாத்தோம்? கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுல வந்து சாப்பிட்டுப் போனீங்களே, அப்ப வரைஞ்சு முடிச்சிட்டீங்களா?"

அவர் மைப் புட்டியை மூடினார்.

"இது யாரு மூஞ்சிண்ணே?"

"செல்லக்கனி."

"அண்ணே."

எபனேசர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "பெனின் கேட்டான். இந்தச் செல்லக்கனி எல்லாப் புஸ்தகத்துலயும் நல்லவளாவே இருக்காளே, இப்படியும் ஒரு மனுசி இருப்பாளான்னு. பேச்சுவாக்குல சொல்லிட்டேன். அவன் அதையே கதையா எழுதிக் கொண்டாந்து நிப்பான்னு நான் நெனைக்கல."

"கொண்டாந்தப்ப வேண்டாம்னு சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்." அவர் குரல் இறங்கியது. "ஆனா அது அம்புட்டு நல்லா இருந்துச்சு வின்சி. முப்பத்தஞ்சு வருசமா முகமூடியும் கட்டடமுமா வரைஞ்சிட்டுக் கெடக்கேன். அவ தீப்பெட்டிய வச்சுக்கிட்டு அழுற அந்தப் பக்கம் மாதிரி ஒண்ண எனக்கு இதுவரைக்கும் யாரும் எழுதித் தந்ததில்ல. வாத்தியாரும் தரல. நீயும் தரல."

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட வின்சி அழுதுவிட்டுப் போயிருப்பாள். இந்த மனிதர் தெரிந்தே, ஆசையோடு வரைந்திருக்கிறார். ஜூடியின் இடது புருவத்திலிருக்கும் சின்னத் தழும்பைக்கூட விடவில்லை.

"நீ மட்டும் என்ன?" என்றார் எபனேசர், தாங்கமாட்டாமல். "வந்த மூணாவது மாசமே இன்ஸ்பெக்டர் ராஜவேல ரெண்டே கட்டத்துல கொன்னு போட்டே. சங்கையா அண்ணாச்சி வந்து, இந்தா நீ நிக்கிற எடத்துலதான் நின்னாரு. ராஜவேலுங்கறது செத்துப்போன அவிய தம்பி பேரு. அன்னிக்கும் இந்தக் கைதான் வரைஞ்சுச்சு."

"எனக்கு அது தெரியாது. இவனுக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியும்." வின்சி கையை நீட்டினாள். "எங்கக்கா போட்டோவக் குடுங்க."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அளவு பார்த்து வரைவதற்காகப் போட்டோவின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. ஜூடியின் மூக்கின் மேல் ஒரு கோடு, உதட்டின் மேல் ஒரு கோடு. "ரப்பர் வச்சு அழிச்சுத் தாரேன்" என்றார் எபனேசர். வின்சி அப்படியே வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துகொண்டிருக்கும்போது முத்துவீரன் போன் அடித்தார். எபனேசர் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

"கோவப்படாதீங்கம்மா. புஸ்தகம் பறக்குது. பாதிப்பேரு பாராட்டுறான், பாதிப்பேரு வண்டை வண்டையா வையுறான். செல்லக்கனி அக்காவ எப்படிரா கெட்டவளாக்கலாம்னு மதுரையில இருந்து ஒருத்தரு அழுதே போட்டாரு. நான் ஒண்ணு சொல்லுதேன். முப்பத்தஞ்சாம் ஆண்டு மலர நீங்க எழுதுங்க. தீ வச்சது செல்லக்கனி இல்ல, அவள மாதிரி வேசம் போட்ட வேற ஒருத்தின்னு மாத்திருங்க. கழுவுன மாதிரி ஆயிரும். என்ன சொல்லுதீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஆனால் அதற்குள் அவள் மனதில் முதல் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. வேஷக்காரியைக் கரிச்சான் மூச்சடக்கித் துரத்துகிறான். உண்மையான செல்லக்கனி கட்டிப்போடப்பட்டுக் கிடக்கிறாள். வாசகர்கள் முன்னால் அவளுக்கு மரியாதை திரும்ப வருகிறது. பெனின் எழுதியதெல்லாம் பொய்யாகிறது. நடக்க நடக்க வின்சியின் ஆத்திரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தோஷமாக மாறிக்கொண்டே வந்தது.

ஜூடி வீட்டுக்குள் நுழையும்போதே கட்டிலின் மேல் அந்தப் புத்தகம் கிடப்பது தெரிந்தது. அடுத்த வீட்டுப் பாண்டிசெல்வி வாங்கி வந்து கொடுத்தாளாம். ஜூடி கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு? காப்பி போடவா?"

"படிச்சிட்டியாக்கா?"

"படிச்சேன்."

வின்சி மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். எபனேசர் சொன்னது, போட்டோவில் போட்ட கோடு, முத்துவீரன் கேட்டது. தான் எழுதப்போகிற கதையையும் சொன்னாள். "ஒரு புஸ்தகம் போதும்க்கா. ஒம்பேர நான் பழையபடி ஆக்கிருவேன்."

ஜூடி கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒண்ணு கேக்குதேன். பதினோரு வருசம் என்னைய வச்சு எழுதுனியே, அன்னிக்கு மில்லுல என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட ஒரு தடவையாவது கேட்டியா?"

"அதான் விசாரணையில..."

"விசாரணையில வந்தத விடு. என்கிட்ட கேட்டியா?"

வின்சி யோசித்துப் பார்த்தாள். கேட்கவில்லை. அக்காளுக்கு வலிக்கும் என்று கேட்காமல் விட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"கருகுற வாடை எனக்கு முன்னாலயே அடிச்சுது" என்றாள் ஜூடி. "மிசின் பாக்குற பிட்டர்கிட்ட போய்ச் சொன்னேன். வேலையப் பாருன்னு வெரட்டுனான். வந்து வேலையப் பாத்தேன். கூட நின்ன பிள்ளைககிட்ட ஒரு வார்த்த சொல்லல. பொறவு குபீர்னு புடிச்சுக்கிட்டுது. நான் யாரையும் தூக்கல, இழுக்கல. ஓடுனேன். எம் பக்கத்துல நின்ன அனுசியா என் தாவணியப் புடிச்சா. ஒதறிட்டு ஓடுனேன்."

வெளியே யாரோ பம்பில் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது.

"நீ மூணு பேரக் காப்பாத்துனதா எழுதினப்ப, வேண்டாம்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. நீ படத்தக் கொண்டாந்து காட்டி அம்புட்டு சந்தோசப்பட்டே. எப்படிச் சொல்ல? இப்ப இவன் கொளுத்துனேன்னு எழுதிட்டான். அதுவும் நான் இல்ல. நீ எழுதுனதும் நான் இல்ல."

"அந்த அனுசியா இப்ப எங்க இருக்கா?"

"வத்திராயிருப்பு. மாசம் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாரேன்."

ராஜபாளையத்திலிருந்து வத்திராயிருப்புக்குப் போக ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் பஸ் மாற வேண்டும். வின்சியின் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. இத்தனை வருடமாக அக்காள் மாதாமாதம் அங்கே நின்று பஸ் மாறிப் போயிருக்கிறாள். தன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எபனேசர் செய்தது ஒரு மாதிரி வலித்தது. இது வேறு மாதிரி வலித்தது.

"நாளைக்கிப் போறேன். வாரியா?" என்றாள் ஜூடி.

மறுநாள் ஆராதனை முடிந்து இருவரும் போனார்கள். அனுசியா கடைத்தெருவுக்குப் பின்னால் அண்ணன் வீட்டில் இருந்தாள். நாற்பத்தாறு வயது. இரண்டு கை விரல்களும் உள்பக்கமாகச் சுருண்டு ஒட்டியிருந்தன. ஜூடி உள்ளே போனதும் கேட்காமலே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். வழக்கம் போலிருக்கிறது. அனுசியா வின்சியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவதான் கத எழுதுற தங்கச்சியாக்கா?"

"ஆமா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எல்லாத்தையும் படிச்சிருக்கேன். அண்ணன் மக பக்கத்தப் பொரட்டிப் பொரட்டிக் காட்டுவா." அனுசியா சுருண்ட கையால் ஒரு முக்காலியை வின்சி பக்கம் தள்ளினாள். "மூணு பிள்ளைகளக் காப்பாத்துனதா போட்டிருந்தீங்க. அதுல பச்சத் தாவணிக்காரி நான்தானே? அன்னிக்கு நான் பச்சைதான் போட்டிருந்தேன்."

பச்சை என்று வின்சி வண்ணம் எழுதிக்கொடுத்தது வெறுமனே கண்ணுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்றுதான்.

"மொத தடவ பாத்தப்ப சிரிப்பு வந்துச்சு. பொறவு ஆத்திரமா வந்துச்சு. எங்கைய இப்படி வச்சுக்கிட்டு, நான் காயமில்லாம வெளிய வந்து நிக்கிற படத்தப் பாக்கணும். அக்காகிட்ட நான் சண்ட போட்டு முடிச்சிட்டேன். ரெண்டு வருசம் இந்த வாசப்படியில நிக்கவச்சு வஞ்சு தீத்தேன். பொறவுதான் உள்ள விட்டேன். அது எங்களுக்குள்ள. நீங்க என்னத்துக்கு நடுவுல வந்து ஒண்ணுமே நடக்கலன்னு எழுதுனீங்க?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் வின்சி. சொல்லும்போதே, எபனேசரிடமும் இதே வார்த்தையைச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"இப்ப ஒருத்தன் புதுசா எழுதிருக்கான்ல, அதுவும் பொய்தான். அக்கா தீ வைக்கல. ஆனா கடைசிக்கு முந்துன பக்கத்துல, சன்னல் பக்கம் ஒருத்தி மாட்டிக்கிட்டு நிக்கிறா பாருங்க. அவள யாரும் காப்பாத்தல. அது ஒரு கட்டந்தான். அதப் பாத்துட்டு அன்னிக்குப் பூரா அழுதேன். மொத தடவையா என்னைய ஒருத்தன் உள்ள வச்சு வரைஞ்சிருக்கானேன்னு."

ஜூடி தேய்த்த பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். அதன்பின் அவர்கள் இருவரும் மாங்காய் விளைச்சலைப் பற்றியும் அண்ணன் மகளின் பரீட்சையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். வின்சி முக்காலியில் விருந்தாளியைப்போல் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை மதியம் கோர்ட் வராந்தாவில் நின்று முத்துவீரனுக்குப் போன் செய்தாள். மலரை எழுதவில்லை என்றாள். அவர் கெஞ்சினார், பிறகு கொஞ்சம் கோபப்பட்டார். "ஒரே ஒரு காரியம் செய்யுங்க" என்றாள் வின்சி. "இனிமே செல்லக்கனிக்கு எங்கக்கா முகம் வேண்டாம். வேற என்ன வேணும்னாலும் எழுதிக்கிடுங்க."

சாயங்காலம் பெனின் கூப்பிட்டான். அது நிஜமாக நடந்த கதை, ஒருத்தியின் வாழ்க்கை என்பதை முழுசாக யோசிக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று தழுதழுத்தான். "யோசிச்சுத்தான் எழுதிருக்கே" என்றாள் வின்சி. "நல்லா எழுதிருக்கே. என் நோட்ட மட்டும் திருப்பிக் குடுத்திரு." கூரியரில் நோட்டு வந்தது. பெனினிடம் அவளுக்கு அதன்பின் கோபம் இல்லை. அவன் அவளுக்கு யாரோ.

எபனேசர் அப்படி இல்லை. செல்லக்கனியின் முகத்தை மாற்றிக் கொடுத்தார். மலரில் அவளுக்கு நீளமுகமும் கூர்மூக்கும் வந்திருந்தன. தீக்காயத்துக்கு வெளிநாட்டில் போய் ஆபரேஷன் செய்துகொண்டாள் என்று பெனின் ஒரு வரி எழுதிச் சமாளித்திருந்தான். பாண்டிசெல்வி அதை ஜூடியிடம் காட்டி, "இது யாருக்கா, வெள்ளக்காரி மாதிரி?" என்று கேட்டாளாம். ஜூடி விழுந்து விழுந்து சிரித்தாள் என்று வின்சி கேள்விப்பட்டாள். வின்சி அந்தப் புத்தகத்தை வாங்கவில்லை.

எபனேசர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். ஒரு தடவை வின்சி கதவைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை திறந்து, தண்ணீர் கொடுத்தாள். "இந்தத் தடவை வரைஞ்சது நல்லா வரலை வின்சி" என்றார் அவர். "முகத்துல உயிரில்ல." வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் அதைச் சொன்னாரா, அல்லது அவருக்கு நிஜமாகவே அது மட்டும்தான் வருத்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தம்ளரை வாங்கிக்கொண்டு, "வெயிலுக்கு முன்ன கெளம்புங்க" என்றாள்.

சங்கையாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவர் தம்பியைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று தொடங்கினாள். அந்த வரியை அடித்துவிட்டு, மன்னிக்க வேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை. தன் கடிதம் அவருக்கு எப்படிப் படும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததால், வராததில் ஆச்சரியப்படவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூடி ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாற இறங்கியபோது வின்சி அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஜூடி அவள் கையைத்தான் முதலில் பார்த்தாள். நோட்டோ பேனாவோ இல்லை.

"எங்கட்டி கெளம்பிட்டே?"

"ஒங்கூடத்தான். பாத்திரம் நான் தேய்க்கேன்."

"அவ ஒன்னைய இன்னும் வைவா."

"வையட்டும்."

வத்திராயிருப்பு பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. ஜூடி முதலில் ஏறி, ஜன்னலோரம் ஓர் இடத்தைப் பிடித்துத் தன் பையை வைத்தாள். தங்கையைத் திரும்பிக் கூப்பிடவில்லை, ஆனால் வேறு யாரையும் அதில் உட்கார விடவும் இல்லை.